ஈழத்துப் பொப்பிசையும் ஏ. ஈ. மனோகரனும்

ஈழத்து இலக்கிய வரலாற்றைப் படிப்பிக்கும்போது ஈழத்துப் பூதந்தேவனாரில் தொடங்குகின்றோம். ஆறுமுக நாவலர், மகாகவி, முருகையன் என்று வருகின்றோம். பொப்பிசைப் பாடகருக்கு அந்த வரிசையில் இடமில்லை. தமிழாசிரியர் பலருக்கு அது 'பைலாக் கூத்து', அவ்வளவுதான். நானும் தமிழாசிரியனே. ஆயினும் 2018 சனவரி 22ஆந் திகதி சென்னையில் காலமான ஏ. ஈ. மனோகரனை அப்படி ஒரு சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

'பைலா' என்ற பெயர் ஆடலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. எங்கள் ஊர்காவற்றுறைக்குக் 'கயிட்ஸ்' என்ற மறுபெயரும் துறைமுகத்தைக் குறிக்கும் அதே மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே என்பர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியவர்கள் கோட்டையையும் கோயிலையும் மட்டும் விட்டுச் செல்லவில்லை. தாளத்தையும் விட்டுச் சென்றார்கள். அவர்களோடு வந்த ஆபிரிக்கரின் கபிரிஞ்ஞா ஆட்டமும் அதிற் கலந்தது. இருபதாம் நூற்றாண்டில் வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர் அதற்குச் சிங்களத்தில் புதுவடிவம் கொடுத்தார். 1960களில் கொழும்பு இளைஞர் கிற்றாரைத் தூக்கினர். குழுக்களுக்குச் சூட்டிய பெயர்களும் ஸ்பானியப் பெயர்கள்! மெக்சிகோ நாட்டார் பாடலான 'லா பம்பா'வின் பெயரையே வைத்துக்கொண்ட குழுவும் இருந்தது.

அக்காலத்தில் எங்கள் வானொலிக்குத் தமிழ்ப் பாட்டென்றால் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டுத்தான். எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் ஈழத்து மெல்லிசையை வளர்த்தெடுத்தனர். மெல்லிசை கவிதைத் தமிழில் நடந்தது. பொப்பிசை பேச்சுத் தமிழில் துள்ளியது. நித்தி கனகரத்தினம் தாமே எழுதித் தாமே பாடிய 'சின்ன மாமியே' என்ற பாட்டில், மாமியிடம் மகளைப் பற்றிக் கேட்கும் இளைஞனின் குறும்பு அப்படியே எங்கள் ஒழுங்கையிற் கேட்கும் குறும்பு. அவருடைய 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இன்னும் ஆழமானது. தாளம் ஆடச் சொல்லும், சொற்களோ மன்றாடும். பனங்கூடலுக்குள் வளர்ந்த ஒருவருக்கு அந்த முரண் விளங்கும்.

இந்த இசையைக் கடல் கடந்து கொண்டுபோன குரல் மனோகரனுடையது. 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்றே அவரை அழைத்தார்கள். அவருடைய புகழுக்கு அடித்தளம் 'சுராங்கனி'. அதன் செய்தி மிக எளியது: ஒரு பெண்ணுக்காக மீன் கொண்டுவந்திருக்கிறான் ஒருவன். சிங்களப் பைலாவாக இருந்த அதை அவர் தமிழோடு இழைத்துப் பாடினார். மீனுக்குரிய 'மாலு' என்ற சிங்களச் சொல்லை மாற்றாமலே விட்டார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாட்டில், இரு மொழியும் ஒரே பாட்டில் முறுகலின்றி இருந்தன. இதைப் பெரிய அரசியலாக்க நான் முயலவில்லை; மீன் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இரு மொழியும் வேண்டியிருந்தன, அவ்வளவே. குறிகட்டுவான் இறங்குதுறையிற் போய் நில்லுங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகும் சனங்களிடம் ஒடியலும் கருவாடும் விற்பவர்களின் பேச்சும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அந்த மெட்டைக் கையாண்டார். மலேசியா வாசுதேவன் பாடினார். தமிழ்நாடு மனோகரனைச் 'சிலோன் மனோகர்' என்று அழைத்தது. நாடு 1972இலேயே சிலோன் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டது. அவருடைய பெயரோடு மட்டும் அது ஒட்டிக்கொண்டது! தமிழ், மலையாளப் படங்களில் அவருக்குப் பெரும்பாலும் வில்லன் வேடமே கிடைத்தது. பிற்காலத்தில் சென்னைத் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். பாட்டுக்காரனுக்கு அது வயிற்றுப்பாடு. குறை சொல்ல நாம் யார்?

என் கணிப்பில் அவர் நடித்தவற்றுள் எங்களுக்கு உரித்தானது 1978இல் வந்த 'வாடைக்காற்று'. செங்கை ஆழியானின் நாவல் அது. வாடைக்காற்றுக் காலத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைக்கும் மீனவர்களின் கதை. வெளியூர்ச் சம்மாட்டிக்கும் உள்ளூராருக்கும் இடையில் முளைக்கும் காதலும் பகையும் அதில் உண்டு. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய படத்தில் கே. எஸ். பாலச்சந்திரன் முதலியோருடன் மனோகரனும் நடித்தார். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிறைந்திருந்த 1970களில் நம்மவர் கலைக்கு வாசல் சிறிது திறந்திருந்தது. அதே 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்தபோது, தென்னிந்தியப் படங்களோடு போட்டியிட ஈழத்துச் சினிமாவால் முடியவில்லை.

'வாடைக்காற்று' நாவலை வகுப்பிற் பேசலாம், யாரும் முகஞ்சுளிக்கமாட்டார்கள். அந்தப் படத்தில் நடித்தவரின் பாட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். நாவலில் மீனவன் பேசும் மொழி இலக்கியமாகிறது. பாட்டில் பேசினால் கூத்தாகிறது. இந்த வேறுபாட்டுக்கு எந்த இலக்கண நூலிலும் எனக்கு விதி கிடைக்கவில்லை. எங்கள் கலியாண வீடுகளில் மட்டும் இரவு பத்து மணிக்குப் பின் அந்தச் சிங்கள 'மாலு'வோடு பாட்டு கேட்கிறது. சிரித்தவர்களும் எழும்பி ஆடுகிறார்கள்.