காமிரா கண்ட மனிதன்

பகைவனுடைய விமானத்தை ஒருமுறை பார்த்துவிட வல்லரசுகள் தவம் கிடந்த காலம் ஒன்று உண்டு. சோவியத் ருஷ்யாவின் மிக்-29 போர் விமானத்தை 1977-இல் அமெரிக்கா கண்டுகொண்டது செயற்கைக்கோள் எடுத்த படத்தில்தான்.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1993 ஜூலை 24-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்டு தளத்தில் பல நாட்டு விமானப் படைகள் கூடியிருந்தன. அதே மிக்-29 விமானங்கள் இரண்டு வானத்தில் வித்தை காட்டின. வேடிக்கை பார்க்க வந்த சாதாரண மனிதர்கள் தாராளமாகப் படம் பிடித்தார்கள். திடீரென்று இரண்டும் மோதிக்கொண்டன! தீப்பிழம்புக்கிடையே இரு விமானிகளும் பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்கள்.

அந்தப் படங்களைப் பார்க்கையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது, வாசகர்களே! செயற்கைக்கோளின் கண்ணில் பட்டது விமானம். சாதாரண மனிதனின் காமிராவில் பட்டதோ அதற்குள் இருந்த மனிதன்.