இழுவலிமை

ஒரு பொருளை இருபுறமும் பற்றி இழுக்கும்போது, அறுபடும் முன் அது தாங்கும் உச்சத் தகைவு இழுவலிமை எனப்படும். இழுக்கும் விசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வருவது தகைவு. சாதாரணக் கட்டுமான இரும்பில் ஒரு சதுர மில்லிமீட்டர் சுமார் 40 கிலோ எடையைத் தாங்கும். கருங்கல்லும் கான்கிரீட்டும் அமுக்கத்தில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இழுப்பில் தாங்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்தூண் நிமிர்ந்து நின்று சுமையைத் தலையில் வாங்குகிறது. அதற்கு அமுக்கம் மட்டுமே. குறுக்கே படுத்திருப்பது பர்மாத் தேக்கு, பிற்கால வீடுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த இரும்பு உத்திரம். சுமையில் உத்திரம் வளையும்போது மேல்முகம் நெருக்குண்டு, கீழ்முகம் இழுபடும். சாக்பீஸை இரு கையாலும் வளைத்துப் பார்த்தால் இழுபடும் பக்கத்தில்தான் முதலில் விரிசல் விடும். தேக்கு நாரோட்டத்தின் போக்கில் இழுப்பைத் தாங்கும், குறுக்கே இழுத்தால் பிளக்கும். ஆசாரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைக் கணக்காக்க முயன்றவர் கலிலியோ. அறுபடும் விசை நீளத்தைப் பொறுத்ததன்று, குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்று 1638இல் எழுதினார். ஆனால் வளையும் உத்திரத்தின் ஒரு பகுதி அமுங்குவதைக் கணக்கில் விட்டுவிட்டார். நீட்சி விசைக்கு நேர்விகிதம் என்பதை ஹூக் 1678இல் வெளியிட்டார். யாரும் முந்திக்கொள்ளக் கூடாதென்று இரண்டாண்டு முன்பே அதை எழுத்துப் புதிராக அச்சிட்டு வைத்திருந்தார்.

அணுப் பிணைப்பைக் கொண்டு கணக்கிட்டால் கண்ணாடி இன்னும் பல மடங்கு வலிமையாக இருக்க வேண்டும். ஏன் இல்லை? கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் முனையில் தகைவு குவிகிறது என்று 1921இல் கிரிஃபித் விளக்கினார். கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்தபோது வலிமை கூடியது. உலோகம் எளிதில் நெளிவதற்குப் படிக அடுக்கின் பிறழ்வுகளே காரணம் என்று 1934இல் டெய்லர், ஒரோவன், பொலானி மூவரும் தனித்தனியே கண்டனர்.

காரைக்குடியில் இந்த வரலாறு வேதியியலோடு சேர்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 ஜனவரி 14இல் திறக்கப்பட்டது. உள்ளூரில் அது ‘சிக்ரி’. அதன் முதன்மைத் துறைகளுள் ஒன்று அரிமானம். மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்கும் நிலையமும் அதற்கு உண்டு. துரு கம்பியின் பரப்பைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அது அரித்த குழி கிரிஃபித்தின் கீறலைப் போலத் தகைவைக் குவிக்கிறது. பாலங்களில் முன்கூட்டியே இழுத்துக் கட்டிய உயர்வலிமைக் கம்பிக்கு இதில் ஆபத்து அதிகம். சோதனை எந்திரத்தில் இழுபடும் நல்ல கம்பி, அறுமுன் ஓரிடத்தில் கழுத்துப்போல் மெலியும். இழுதகைவும் அரிப்பும் சேர்ந்து தாக்கும் ‘தகைவு அரிமானம்’ பிடித்த கம்பியோ மெலியாமலே, பெரும்பாலும் சட்டென்று முறிந்துவிடும்.