இழை பிடிக்கும் விரலும் இழுப்பு மருந்தும்

ஆரணியில் நான் தறிக்குழியில் இறங்கி நாற்பது வருஷமாகிறது. இழுப்பு அதற்கும் முந்தியது. தாத்தா வழியாக வந்தது. மார்கழி விடியலில் அவர் திண்ணையில் குனிந்து உட்கார்ந்து, காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பார். மூச்சு தணியும். கூடவே நாக்கு வறளும், பார்வை மங்கும். அன்று உச்சிப்பொழுது வரை தறியில் உட்கார மாட்டார். பட்டு இழை கண்ணுக்குப் பிடிபடாது.

அந்தப் புகை கடல் கடந்தது. கம்பெனி காலத்தில் சென்னையின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், மல்பெரி நட்டு இந்தப் பகுதியில் பட்டுப்புழு வளர்க்கப் பாடுபட்டவர். இழுப்புக்கு ஊமத்தம் புகை இதம் என்று சொன்னவரும் அவரே. 1802-இல் ஜெனரல் ஜென்ட் அந்த வழக்கத்தை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். ஆஸ்துமா சிகரெட்டுகள் இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே விற்றன.

ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழலைத் தளர்த்தும். அளவு மீறினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும். இலைக்கு இலை அதன் அளவு மாறும். ஆகவே பிறகு வந்த மருத்துவத்தின் பாடெல்லாம் அளவைக் கட்டுவதில்தான். 1956-இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம், ஒரு அழுத்துக்கு ஒரே அளவு தரும் இன்ஹேலரை, அதாவது பம்பை, விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த ஐசோபிரினலின் நெஞ்சைப் படபடக்க வைத்தது. 1969-இல் வந்த சால்பியூட்டமால் இதயத்தை அவ்வளவு தொடாது. 1972-இல் பெக்ளோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பம்பாக வந்தது. முகம் வீங்கவும் எலும்பு தேயவும் வைத்த ஸ்டீராய்டு மாத்திரையிலிருந்து பலரை அது விடுவித்தது.

ஆனாலும் என் விரல் நடுங்கியது. புதுப் பாவு இழைகளைப் பழைய பாவோடு பிணைக்கும் நாளில், காலையில் நாலைந்து முறை சால்பியூட்டமால் அடித்துவிட்டு உட்கார்ந்தேன். இழை கைக்கு நிற்கவில்லை. ஸ்டீராய்டு பம்பாலோ தொண்டை கட்டி, வாயில் வெள்ளை படர்ந்தது. இரண்டையும் மூலையில் போட்டேன். பத்தாம் நாள் இரவு மூச்சு நின்றுவிடும் போலாகி, மகன் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான்.

அங்கே மருத்துவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: சால்பியூட்டமால் ஒரு அழுத்தில் 100 மைக்ரோகிராம்தான், மாத்திரையில் 4 மில்லிகிராம், நாற்பது மடங்கு. அடிக்கடி சால்பியூட்டமால் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். தினசரி ஸ்டீராய்டு பம்பை விடாமல் எடுத்தால் அந்தத் தேவை குறையும், நடுக்கமும் குறையும் என்றார். மருந்து நாக்கில் தங்காமல் நெஞ்சுக்குப் போக ஸ்பேசர் குழாய் கொடுத்தார். ஸ்டீராய்டு பம்பை எடுத்த ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார், விழுங்கக் கூடாது. வாயில் படர்ந்த பூஞ்சைக்குத் தனி மருந்தும் எழுதினார்.

இப்போது தறிக்குப் பக்கத்தில் கொப்பளிக்க ஒரு செம்பு தண்ணீர் இருக்கிறது. குரல் திரும்பிவிட்டது. போன மாதம் முழுப் பாவையும் நானே பிணைத்தேன்.

தாத்தாவுக்குப் புகையை விட்டால் வேறு வழியில்லை, நமக்கு இருக்கிறது. கை நடுங்கினாலோ தொண்டை கட்டினாலோ, பம்பைத் தூக்கிப் போடாதீர்கள். அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.