சார்ல்ஸ் கேட்வுட்

சார்ல்ஸ் பேர் கேட்வுட் (1853–1896) அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி. சிரிகாஹுவா அப்பாச்சிகளின் போர்த்தலைவர் ஜெரோனிமோவை 1886-இல் மெக்சிகோவின் மலைகளுக்குள் தேடிச் சென்று, பேசி, சரணடைய இசைய வைத்தவர். அப்பாச்சிப் போர்களைப் பற்றிய நூல்களில் ஜெனரல் ஜார்ஜ் குரூக், ஜெனரல் நெல்சன் மைல்ஸ் ஆகிய இருவரின் பெயர்களே பெரிதாகத் தெரியும். இறுதிப் பேச்சுவார்த்தை நடந்த இடத்தில் அவர்கள் இருவரும் இல்லை.

கேட்வுட் வர்ஜீனியா மாநிலத்தின் உட்ஸ்டாக் ஊரில் பிறந்தார். 1877-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று, ஆறாம் குதிரைப்படையில் இரண்டாம் லெப்டினன்ட்டாகச் சேர்ந்தார். முதல் பணியிடமே அரிசோனா. அங்கே அப்பாச்சி சாரணர்களை வழிநடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

அப்பாச்சியைக் கண்டுபிடிக்க அப்பாச்சியால்தான் முடியும் என்பது குரூக்கின் துணிபு. வறண்ட மலைகளில் தண்ணீர் எங்கே ஊறும், பாறைமேல் போனவரின் தடத்தை எப்படிக் கண்டறிவது என்பதெல்லாம் கிழக்கிலிருந்து வந்த சிப்பாய்களுக்குத் தெரியாது. எனவே அப்பாச்சிகளையே கூலிக்கு அமர்த்தி, ஓர் இளம் அதிகாரியின் கீழ் முன்னே அனுப்பினார்கள். இந்த அதிகாரி மாதக்கணக்கில் அவர்களோடு உண்டு உறங்க வேண்டும். அவர்களின் நம்பிக்கையைப் பெறாவிட்டால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. கேட்வுட் பெற்றார். அவருடைய மூக்கைப் பார்த்து ‘நீள்மூக்கன்’ என்று தங்கள் மொழியில் அவருக்குப் பெயரும் வைத்தார்கள். 1879–80-இல் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவைத் துரத்திய போரில் இந்தச் சாரணர்களோடு அலைந்தார். மலையும் குளிரும் தந்த மூட்டுவலி கடைசிவரை அவரை விடவில்லை.

1882-இல் குரூக் அவரை ஃபோர்ட் அப்பாச்சியில் ஒயிட் மவுண்டன் அப்பாச்சிகளின் ஒதுக்கிடத்துக்கு (அரசு அவர்களுக்கென ஒதுக்கிய நிலப்பகுதி) பொறுப்பாளராக்கினார். அங்கே 1884-இல், அப்பாச்சிகளை ஏமாற்றியதாகச் சொல்லி உள்ளூர் நீதிபதி பிரான்சிஸ் ஸக்கைக் கேட்வுட் கைதுசெய்தார். நீதிபதி எதிர்வழக்குப் போட்டார். விவகாரத்தை அப்படியே விட்டுவிடும்படி குரூக் சொல்லியும் கேட்வுட் கேட்கவில்லை. எதிர்வழக்கு இறுதியில் நிற்காமல் போனாலும், மேலதிகாரியின் ஆதரவு அத்தோடு போயிற்று. தன் பொறுப்பிலுள்ள மக்களுக்காக வெள்ளையர் ஒருவர்மீது கைவைக்கும் அதிகாரிக்கு அன்றைய அரிசோனாவில் நண்பர்கள் மிகக் குறைவு.

1885 மே மாதம் ஜெரோனிமோவும் முன்னாள் சிரிகாஹுவாத் தலைவர் கொச்சிஸின் மகன் நைச்சேயும் ஒதுக்கிடத்தை விட்டு மெக்சிகோவுக்குத் தப்பினார்கள். 1886 மார்ச்சில் குரூக்கிடம் சரணடைய ஒப்புக்கொண்ட ஜெரோனிமோ, மறுபடியும் இரவோடிரவாக மறைந்தார். குரூக் பதவி விலக, மைல்ஸ் வந்தார். அவர் சாரணர்களை ஓரங்கட்டி ஏறத்தாழ 5,000 சிப்பாய்களைக் குவித்தார். மலையுச்சிகளில் கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியால் செய்தி அனுப்பும் நிலையங்களையும் நிறுவினார். எதிரே இருந்தவர்கள் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து நாற்பதுக்கும் குறைவு. கோடை முழுவதும் கேப்டன் ஹென்றி லாட்டனின் படை மெக்சிகோவின் சொனோரா மலைகளில் அலைந்தும் ஒருவரும் பிடிபடவில்லை.

அதன்பிறகே மைல்ஸுக்குக் கேட்வுட்டின் நினைவு வந்தது. ஜெரோனிமோவை நேரில் அறிந்த, அவரால் அறியப்பட்ட அதிகாரிகள் படையில் அதிகம் மிச்சமில்லை. ஜூலையில் கேட்வுட் உடல்நலம் குன்றிய நிலையிலேயே புறப்பட்டார். கயித்தா, மார்ட்டீன் என்ற இரு சிரிகாஹுவாக்களும் மொழிபெயர்ப்பாளர் ஜார்ஜ் ராட்டனும் உடன்சென்றார்கள். இருபத்தைந்து சிப்பாய்கள் இல்லாமல் எதிரியை நெருங்கக் கூடாது என்பது உத்தரவு. அத்தனை பேரோடு போனால் அப்பாச்சிகள் கண்ணிலேயே படமாட்டார்கள் என்று அறிந்திருந்த கேட்வுட் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஃப்ரான்டெராஸ் ஊர்ப்பக்கம் தடம் கிடைத்தது. கயித்தாவும் மார்ட்டீனும் மலையேறிப் போனார்கள். ஜெரோனிமோ கயித்தாவை நிறுத்திக்கொண்டு மார்ட்டீனிடம் பதில் சொல்லி அனுப்பினார். ஆகஸ்ட் இறுதியில், பவிஸ்பே ஆற்றின் வளைவில் சந்திப்பு. கேட்வுட் கொண்டுபோன புகையிலையைச் சுருட்டிப் புகைத்த பின்பே பேச்சு தொடங்கியது. ஒதுக்கிடத்துக்குத் திரும்ப விட்டால் போரை நிறுத்துவோம் என்றார் ஜெரோனிமோ. கேட்வுட்டிடம் அதற்கு இடமில்லை: சரணடைந்து புளோரிடாவுக்குப் போக வேண்டும், இல்லையேல் சாகும்வரை போர். உங்கள் உறவினர் அனைவரும் ஏற்கெனவே அங்கே அனுப்பப்பட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். இதுதான் பேச்சின் திசையை மாற்றியது. ஆனால் அந்த நாளில் அது உண்மையல்ல. அவர்களை ரயிலேற்றியது செப்டம்பரில்தான். எங்களில் ஒருவராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஜெரோனிமோ கேட்டபோது, மைல்ஸை நம்புவேன் என்றார் கேட்வுட்.

எல்லைக்குத் திரும்பும் வழியில் லாட்டனின் அதிகாரிகள் சிலர் ஜெரோனிமோவைக் கொன்றுவிடலாமா என்று பேச, கேட்வுட் குறுக்கே நின்று தடுத்தார். செப்டம்பர் 4 அன்று ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கில் மைல்ஸிடம் சரணடைவு நிகழ்ந்தது. ஐந்து நாளில் குடும்பத்தைப் பார்க்கலாம் என்ற மைல்ஸின் வாக்குறுதி நிறைவேறவில்லை. ஆண்கள் பென்சகோலாவின் பிக்கன்ஸ் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள், குடும்பங்கள் செயின்ட் அகஸ்டினில். அரசுக்காக மலையேறிய கயித்தாவும் மார்ட்டீனும்கூடக் கைதிகளாகவே புளோரிடா சென்றார்கள்.

கேட்வுட்டை மைல்ஸ் தன் உதவி அதிகாரியாக வைத்துக்கொண்டார். ஆனால் 1887-இல் டூசான் நகர மக்கள் மைல்ஸுக்கு வாள் வழங்கிப் பாராட்டிய விழாவுக்கு அவரை அழைத்துச் செல்லவில்லை. லாட்டன் ஜெனரலானார். படை மருத்துவராக உடன்போன லெனர்ட் உட், இந்தப் போருக்காகவே ராணுவத்தின் மிக உயரிய பதக்கத்தை 1898-இல் பெற்றார். பின்னாளில் தரைப்படைத் தலைமைத் தளபதியும் ஆனார். அதே பதக்கத்துக்குக் கேட்வுட்டின் பெயர் பரிந்துரைக்கப்பட்டபோது, அவர் செய்தது சண்டைக்களச் செயல் அல்ல என்று போர்த்துறை மறுத்திருந்தது. விதிப்படி சரியான பதில்தான். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை என்பதே அந்தச் செயலின் சிறப்பு என்பதை விதி அறியாது.

1892-இல் வயோமிங்கின் மெக்கின்னி கோட்டையில் தீயை அணைக்கப்போனபோது வெடிமருந்து வெடித்துக் கேட்வுட் படுகாயமடைந்தார். 1896 மே 20 அன்று வயிற்றுப் புற்றுநோயால் இறந்தபோதும் அவர் முதல் லெப்டினன்ட்தான். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மனைவிக்கு மாதம் 17 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. வால்டர் ஹில் இயக்கிய ‘ஜெரோனிமோ’ (1993) திரைப்படத்தில் ஜேசன் பாட்ரிக் கேட்வுட்டாக நடித்தார். படத்தில் கதைசொல்லியாக வரும் லெப்டினன்ட் பிரிட்டன் டேவிஸ், உண்மையில் இறுதிச் சரணடைவின்போது அங்கே இல்லை.