இலை ஊதும் மெஷினும் ஒரு உண்ணாவிரதமும்

1998 ஜனவரி. லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத்தின் புல்வெளியில் தோட்டக்காரர்கள் சிலர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டு இல்லை, இலை ஊதும் மெஷினுக்காக. முதுகில் மாட்டிக்கொண்டு, குழாயை நீட்டி, காற்றடித்தே சருகை ஒதுக்குவார்களே, அந்த லீஃப் ப்ளோயர். குடியிருப்புகளிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் ப்ளோயரை ஓட்டக் கூடாது என்று நகரம் சட்டம் போட்டிருந்தது.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு விளக்குமாறு வாங்கினா முடிஞ்சுதே, இதுக்குப் போய் யாராவது பட்டினி கிடப்பாங்களா?

ப்ளோயர் பிறந்தது வீட்டுத் தோட்டத்தில் இல்லை, வயலில். ஜப்பானியக் கம்பெனிகள் பயிருக்கு மருந்தடிக்கச் செய்த முதுகு மெஷின் அது. நம்மூரில் பவர் ஸ்பிரேயர் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: மருந்துத் தொட்டியைக் கழற்றிவிட்டால் மிச்சம் வெறும் காற்று. 1976-77இல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. நடைபாதையை ஹோஸ் பைப்பால் கழுவுவது குற்றம்போல ஆனது. தண்ணீர் செய்த வேலையைக் காற்று எடுத்துக்கொண்டது. சத்தம் தாங்காமல் கார்மெல் என்ற சின்ன ஊர் 1975லேயே அதைத் தடை செய்திருந்தது. பணக்கார பெவர்லி ஹில்ஸும் சீக்கிரமே பின்தொடர்ந்தது.

அந்த நகரத்தில் தோட்ட வேலை ரொம்ப காலம் ஜப்பானிய அமெரிக்கர்களின் கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்டு, நிலத்தையும் கடையையும் இழந்து திரும்பியவர்களில் பலர் புல்வெட்டும் மெஷினோடு தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். கணக்கு மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு மாசம் இவ்வளவு, அவ்வளவுதான். மணிக்கணக்கு கிடையாது. ஒரு வீட்டில் கூடுதலாக நிற்கும் நேரம் சாயங்காலம் ஒரு வீட்டைக் குறைக்கும். விளக்குமாறு மலிவுதான், அதைப் பிடிக்கிறவனுடைய நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்காதவரை.

எதிர்த்தரப்பும் சும்மா சொல்லவில்லை. பழைய பேட்மேன் தொடரில் பூனைப்பெண்ணாக வந்த ஜூலி நியூமர் தடைக்காக முன்னால் நின்றதால், விஷயம் நட்சத்திரங்கள் Vs வேலைக்காரர்கள் என்று செய்தியானது. ஆனால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியே வரும். கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் கணக்குப்படி, பெரிய ப்ளோயரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமாசு, புதுக் கார் ஒன்று சுமார் 1,100 மைல் ஓடுவதற்குச் சமம். அந்தப் புகையை முதலில் மூச்சிழுப்பது யார்? முதுகில் அதைச் சுமப்பவர். தனக்குக் கெடுதல் செய்யும் பொருளைக் காப்பாற்றவே அவர் பட்டினி கிடந்தார். இந்த இடத்தில்தான் என் சிரிப்பு நின்றது.

தண்டனையைக் குறைத்தார்கள், தடை நின்றது. ஆனால் பிடிக்க ஆள் இல்லாததால் சத்தமும் நின்றபாடில்லை.

2021இல் மாநிலமே AB 1346 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டது. 2024 முதல் ப்ளோயர், புல்வெட்டி போன்றவற்றுக்கான சின்ன எஞ்சின்கள் புதிதாக விற்பனைக்கு வந்தால் புகை விடக் கூடாது. கையில் இருப்பதை ஓட்டலாம். மாறுகிறவர்களுக்கு உதவ 3 கோடி டாலர் ஒதுக்கினார்கள். வாரம் ஒரு தடவை சொந்த வாசலை ஊதுகிறவருக்கு ஒரு பேட்டரி போதும். காலையிலிருந்து வீடு வீடாகப் போகிறவருக்குப் பல பேட்டரி வேணும், நடுவில் சார்ஜ் போட ஒரு பிளக்கும் வேணும். அந்த பிளக் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.