தலையைப் பிடித்துக்கொள்ளும் கருவி: மூளை அறுவைச் சிகிச்சையில் ஒரு நூற்றாண்டுப் பாடம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முன்னோர் வாக்கு. அந்தச் சிரசைத் திறந்து மூளையில் மருத்துவர் கைவைக்கும் முன் முதலில் தேவைப்படுவது எது? கூர்மையான கத்தி என்றே பலரும் சொல்வார்கள். ஆனால், கத்திக்கும் முன்பாக ஒன்று தேவை. தலை அசையாமல் இருக்க வேண்டும்.

பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டையில் மெல்லிய சீவல் அளவுக்குத்தான் கத்தி இறங்க வேண்டும். ஆழம் குறைந்தால் மங்கில் பால் இறங்காது. கூடினால் மரத்துக்குக் காயம். அங்கே மரமாவது அசையாமல் நின்றது. மனிதத் தலை அப்படியல்ல. மயக்கத்தில் கிடப்பவரின் தலைகூட, மருத்துவரின் கை பட்டால் நகரும். மூளையின் ஆழத்தில் சில மில்லிமீட்டர் தவறினாலும் பேச்சோ பார்வையோ கைகால் இயக்கமோ பறிபோகக்கூடும்.

குரங்கிலிருந்து மனிதனுக்கு

இந்தச் சிக்கலுக்கான முதல் விடை குரங்குக்காகச் செய்யப்பட்டது. லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி, ராபர்ட் கிளார்க் ஆகிய இருவரும் ஓர் உலோகச் சட்டத்தைப் பற்றி 1908ல் விரிவாக எழுதினார்கள். காதுத் துளைகளையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் பிடிப்பாகக் கொண்டு அது குரங்கின் தலையை நிறுத்தியது. நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகளை வைத்து, மூளையின் எந்த இடத்துக்கும் ஊசியைச் செலுத்த முடிந்தது.

அந்த முறை மனிதருக்கு வர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. மண்டையோட்டின் வெளி அடையாளங்களைக் கொண்டு உள்ளே இருக்கும் இடத்தைச் சொல்ல முடியவில்லை. அது ஆளுக்கு ஆள் மாறியது. 1918ல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி, மூளையின் உட்குழிகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை வெளியிட்டார். உள்ளிருக்கும் அடையாளங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. அதன் துணையோடு 1947ல் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் இருவரும் மனிதருக்கான முதல் கருவியைப் பயன்படுத்தினார்கள். நோயாளியின் தலைக்கேற்ப வார்த்த பிளாஸ்டர் தொப்பியின் மேல் அந்தச் சட்டம் உட்கார்ந்தது.

1949ல் சுவீடனின் லார்ஸ் லெக்செல் இன்னும் எளிய வழியைக் காட்டினார். அவருடைய கருவியில் ஓர் அரைவட்ட வளையம் உண்டு. அதன் மையம், எட்ட வேண்டிய இடத்தில் விழும்படி அமைத்துவிட்டால் போதும். வளையத்தின் எந்தப் பக்கத்திலிருந்து ஊசியை நுழைத்தாலும் அது மையத்தையே சென்று சேரும்.

அடுப்புக்கல் சொல்லும் பாடம்

மண்டையோட்டைத் திறந்து கட்டியை அகற்றும் பெரிய சிகிச்சைகளுக்கு வேறு வகைப் பிடிப்பு தேவைப்பட்டது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மருத்துவர் பிராங்க் மேஃபீல்டும் கருவி வடிவமைப்பாளர் ஜார்ஜ் கீஸும் உருவாக்கிய மூன்று முனைக் கவ்வி இன்று உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது. ஒரு பக்கம் இரண்டு கூர்முனைகள், எதிர்ப்பக்கம் ஒன்று. அடுப்புக்கு மூன்று கல் வைப்பது எதற்காக? தரை மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று கல்லும் பானையைத் தாங்கும். நான்கு வைத்தால் ஒன்று தூக்கிக்கொள்ளும். அதே கணக்குதான் இங்கும். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 60 முதல் 80 பவுண்டு, அதாவது 27 முதல் 36 கிலோ வரை அழுத்தம் கொடுக்கிறார்கள். குழந்தைகளின் எலும்பு மெல்லியது என்பதால் அவர்களுக்கு அழுத்தம் குறைவு. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இந்த முனைகளைத் தவிர்ப்பதே வழக்கம்.

சென்னையின் பங்கு

தமிழர்கள் பெருமைப்படும் அத்தியாயம் ஒன்றும் இதில் உண்டு. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, 1950ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960களில் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன், டாக்டர் டி. எஸ். கனகா ஆகியோர் அடங்கிய குழு, தலைச்சட்டம் பொருத்திச் செய்யும் சிகிச்சையை வளர்த்தது. 1968ல் நரம்பியல் அறுவையில் பட்டம் பெற்ற கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர்.

நடுக்குவாத நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை பெரும்பாலும் விழித்திருக்கும்போதே நடந்தது. மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும். மருத்துவர் கையை நீட்டச் சொல்வார், நோயாளி நீட்டுவார். தலை சட்டத்தில் அசையாமல் இருக்க, ஆண்டுக்கணக்காக நடுங்கிய கை அடங்குவதை அவரே பார்ப்பார். குறி சரியா என்பதற்கு நோயாளியே சாட்சி.

குறி வைப்பது யார்?

பெருமையோடு நின்றுவிட்டால் கதை முழுமையாகாது. 1963ல் ஜப்பானின் நரபயாஷி, அடங்காத நடத்தை உடையவர்களுக்கு மூளையின் அமிக்டலா என்ற பகுதியில் செய்த அறுவை பற்றி எழுதினார். சென்னைக் குழுவும் அந்த வழியில் சென்றது. மூர்க்கம், ஓயாத துறுதுறுப்பு போன்றவற்றுக்காக அறுவைக்கு உள்ளானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். 1988ல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரை 481 பேரைப் பற்றிப் பேசியது.

அந்த மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை. முடிவுகளைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். பிள்ளையைக் கட்டிவைத்துக் காக்க வேண்டிய நிலையில் பெற்றோர் தவித்ததும் உண்மை. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நடுக்கத்தை நிறுத்தும்படி கேட்டவர் நோயாளி. தன்னை அடக்கும்படி அந்தச் சிறுவன் கேட்டானா? கருவி இரண்டு தலைகளையும் ஒரே உறுதியோடு பிடித்தது. எங்கே குறி வைக்கலாம், எங்கே கூடாது என்பதை அது சொல்லவில்லை.

பின்னர் மருந்துகள் பெருகின. இவ்வகை அறுவைகள் உலகெங்கும் வெகுவாகக் குறைந்தன. மூளைத் திசுவை அழிக்காமல் மின்முனை பொருத்தித் தூண்டும் முறை வளர்ந்தது. 1975லேயே இந்தியாவில் மூளைக்குள் நிலையான மின்முனை பொருத்தியவர் கனகா. 1987ல் பிரான்சின் பெனாபிட் காட்டிய வழி அதை உலக வழக்கமாக்கியது. மின்னோட்டத்தை நிறுத்திவிட முடியும் என்பதால், தவறைத் திருத்திக்கொள்ள ஓரளவு இடம் கிடைத்தது.

இன்று ஈப்போவிலோ சென்னையிலோ ஒரு குடும்பம் அறுவைக் கூடத்துக்கு வெளியே காத்திருக்கும்போது, உள்ளே தலையைப் பிடிக்கும் வேலையை உலோகம் பார்த்துக்கொள்ளும். கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் குடும்பத்தின் பொறுப்பு. எந்த இடம்? எதற்காக? பிறகு மாற்ற முடியுமா? நோயாளிக்கு அவர் மொழியில் சொல்லப்பட்டதா? பால்மரம் சீவியவர் கத்தி வைக்கும் முன் மரத்தை ஒருமுறை நின்று பார்ப்பார். அந்த நிதானம் மனிதத் தலைக்கு இன்னும் அதிகமாகவே தேவை.