பெங்களூர்த் தண்டைச் சுற்றி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

பெங்களூர்த் தமிழர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, "நீங்களெல்லாம் தண்டோடு வந்தவங்கதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தண்டு என்றால் படை. கன்டோன்மென்டைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் தண்டு என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும்.

அடியேன் பேராசிரியன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, அடுகோடியில் பாத்திரக்கடை வைத்துப் பிழைத்தவன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் இருந்த நாட்களில், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகன், "அப்பா, இது நம்ம ஊர் இல்லையா?" என்று கேட்டான். அதற்கு உணர்ச்சியால் பதில் சொல்வதைவிடச் சான்றோடு சொல்வது நல்லது என்று தோன்றியது. அன்று முதல் வார விடுமுறைகளில் கல்வெட்டுகளைத் தேடிப் போகிறேன். அப்படிப் பார்த்தவற்றில், குழந்தைகளோடு ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஐந்து பயணங்களை இங்கே எழுதுகிறேன். நாங்கள் சமணர், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்தாக வேண்டும். ஆகவே இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற கணக்கு எனக்கு நன்றாகவே தெரியும்!

முதல் ஞாயிறு: அல்சூரும் தண்டும்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது. அங்கே காய்ச்சல் வாட்டி எடுத்ததால் 1809இல் பெங்களூரில் அல்சூரை ஒட்டித் தண்டு அமைத்தார்கள். ஒரு படை வந்து இறங்கினால் சிப்பாய் மட்டும் வருவதில்லை. அரிசி கொடுப்பவர், துணி வெளுப்பவர், கட்டடம் கட்டுபவர், சமைப்பவர், கணக்கு எழுதுபவர் என்று ஒரு ஊரே கூட வரும். அது மெட்ராஸ் படை என்பதால் கூட வந்த ஊரும் பெரும்பாலும் தமிழ் பேசும் ஊராக இருந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரைக்கும் ரயில் வந்ததும் வட ஆற்காடு, சேலம் பக்கத்து மக்களுக்கு வழி இன்னும் சுலபமாயிற்று.

1881இல் மைசூர் அரசு மறுபடி உடையார் வசம் போனபோதும், தண்டுப் பகுதி மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. 1947இல்தான் அது மைசூரிடம் திரும்பியது. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே நகராட்சியாக இணைந்தன. ஏறக்குறைய 140 ஆண்டுகள் இரண்டு ஊராக இருந்த ஊர் இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தெருப்பெயர்களே சாட்சி: பிரிகேட் ரோடு, இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு. குதிரைப் படையின் பெயரைத் தாங்கிய கேவல்ரி ரோடு இன்று காமராஜ் ரோடு.

காலையில் அல்சூர் சோமேசுவரர் கோயிலில் தொடங்கி, ஏரிக்கரைக்குப் போங்கள். 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை அங்கே இருக்கிறது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஏரியை ஒட்டி இருப்பது மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம். 1780இல் தோன்றிய படைப்பிரிவு அது. அந்த வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயரே "தம்பி" என்பதுதான். முள்வேலியைத் தகர்க்கும் "பெங்களூர் டார்பிடோ" என்ற நீண்ட குழாய் வெடியை 1912இல் மெக்ளின்டாக் என்ற அதிகாரி இந்தத் தண்டில்தான் உருவாக்கினார். 1944இல் நார்மண்டிக் கடற்கரை வரைக்கும் அது போயிருக்கிறது.

தண்டோடு வந்தவர்கள் ஊருக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். ஆற்காடு நாராயணசாமி முதலியார் (1827–1910) வணிகராகவும் ஒப்பந்தக்காரராகவும் உயர்ந்தவர். 1868இல் முடிந்த சிவப்புக் கட்டடமான அட்டார கச்சேரி, அதாவது இன்றைய உயர்நீதிமன்றம், அவர் எடுத்துக் கட்டிய வேலை. சம்பாதித்ததைக் கொண்டு 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். இன்றைய ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிலையங்களுக்கு மூலம் அதுதான்.

இதுவரை சொன்னது கேள்வியில் உள்ள பாதி உண்மை. தண்டுக்கு வெளியே இரண்டு மூன்று மைல் போனால் கதை வேறாகிறது.

இரண்டாம் ஞாயிறு: மடிவாளாவும் பேகூரும்

அடுகோடியிலிருந்து ஓசூர் சாலையில் தெற்கே போனால் மடிவாளா. அந்த நெரிசலுக்குள்ளே ஒரு சோமேசுவரர் கோயில் இருப்பது, தினம் அந்த வழியாக வேலைக்குப் போகிற பலருக்குத் தெரியாது. கோயிலின் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் வேப்பூர்க்காரர். வேப்பூர் என்பது இன்றைய பேகூர். தண்டு வருவதற்கு 562 ஆண்டுகளுக்கு முன்னே, நம்ம பஸ் போகிற பாதையில், தமிழில் இந்த ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது!

அங்கிருந்து பேகூர் நாகேசுவரர் கோயிலுக்குப் போங்கள். கங்க மன்னர் காலத்தில் தோன்றி, சோழர் காலத்திலும் வளர்ந்த கோயில் அது. அங்குள்ள சுமார் கி.பி. 890ஆம் ஆண்டுக் கன்னட நடுகல், "பெங்களூரு"ப் போரில் ஒரு வீரன் இறந்ததைக் குறிக்கிறது. வேகவைத்த பயறு கொடுத்த கிழவியால் "பெந்தகாளூரு" என்று பெயர் வந்ததாகச் சொல்வார்களே, அந்தக் கதையில் வருகிற வல்லாள மன்னனுக்கும் முந்திய கல் இது. ஆக, ஊரின் பெயருக்கு மூத்த சாட்சி கன்னடக் கல். பின்னால் வரும் சாட்சி தமிழ்க் கல். இந்த வரிசையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போதுதான் நம்ம பேச்சுக்கு மதிப்பு.

பேகூரில் என் மனதைத் தொட்டது இன்னொரு கல்வெட்டு. இப்பகுதியை ஆண்ட நாகத்தரன் என்ற தலைவனின் மகள் தொண்டப்பை, சல்லேகனை நோன்பு நோற்று உயிர் துறந்ததை அது சொல்கிறது. தமிழில் வடக்கிருத்தல் என்கிறோமே, அதற்கு நெருக்கமானது. இன்று அடுக்குமாடிகள் நிறைந்த பேகூர், ஒரு காலத்தில் சமணர் வாழ்ந்த ஊர். பேகூரிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பெரிய போர்க்காட்சி நடுகல் ஒன்று கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது; யானையும் குதிரையும் வில்லும் வாளுமாகச் செதுக்கியது. பையன்களுக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்றாம் ஞாயிறு: தொம்லூர்

தொம்லூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். மதுரையில் சொக்கநாதர் என்றால் சிவன். இங்கே கல்வெட்டு சொல்லும் சொக்கப்பெருமாள் திருமால். இதைச் சொன்னாலே வயதானவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கல்வெட்டுகளில் இந்த ஊருக்கு இரண்டு பெயர். ஒன்று தொம்பலூர். மற்றொன்று தேசிமாணிக்கப்பட்டணம். பட்டணம் என்பது வணிகர் ஊரைக் குறிக்கும் சொல். தேசி என்பது ஊர் ஊராகச் சென்று விற்ற வணிகக் கூட்டத்தாரின் பெயரில் வருவது. கடைக்காரனாகிய எனக்கு இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பல மொழி பேசும் வியாபாரிகள் கூடிய இடமாகத்தான் இந்த ஊர் அன்றும் இருந்திருக்க வேண்டும்.

1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு கதவு நிலைகள் கொடுத்ததைத் தமிழில் சொல்கிறது. வேறு சிலவற்றில் ஹொய்சள மன்னன் வீரராமநாதனின் பெயர் வருகிறது. ஹொய்சளர் கன்னட அரச குலத்தார். ஆனால் ராமநாதன் திருச்சிக்கு அருகே கண்ணனூரிலும், பிறகு இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலும் இருந்து ஆண்டான். கன்னட மன்னனின் ஆணை தமிழில் வெட்டப்பட்டு நிற்கிறது. மொழியை வைத்து ராஜ்யத்தைப் பிரிக்கும் பழக்கம் அன்றைக்கு இல்லை. மக்கள் படிக்கிற மொழியில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் அதே பழைய விமான நிலையச் சாலையில், 2001இல் தொடங்கிய எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அந்த விமானத் தொழிற்சாலையை 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு தொடங்கியவர் சோலாப்பூர்ச் சமணக் குடும்பத்தில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த்.

நான்காம் ஞாயிறு: கோலார்

கோலார் சுமார் 70 கிலோமீட்டர். கோலாரம்மன் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் பார்க்கலாம். 1004ஐ ஒட்டிச் சோழப் படை கங்க நாட்டைப் பிடித்த பிறகு, இந்தப் பகுதிக்கு நிகரிலிசோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை வென்று சோழர் ஆட்சியை முடித்தான். ஆட்சி போனது, கற்கள் நின்றன, மடிவாளாவிலும் தொம்லூரிலும் பார்த்தபடி தமிழில் எழுதுவதும் தொடர்ந்தது.

அப்படியே கோலார் தங்கவயலையும் பார்த்து வரலாம். அதற்கும் தண்டோடு உறவு உண்டு. படையிலிருந்து ஓய்வு பெற்றுப் பெங்களூர்த் தண்டில் குடியேறிய மைக்கேல் லாவெல் என்பவர்தான் 1870களில் அங்கே தங்கம் தோண்ட உரிமம் வாங்கினார். லாவெல் ரோடு அவர் பெயரில் உள்ளது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்குள் இறங்கி உழைத்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் முதலில் தங்கவயலுக்குத்தான் போனது. பெங்களூருக்கு 1905இல்தான் விளக்கு எரிந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கிருந்து எத்தனையோ பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருவராவது இருப்பார், கேளுங்கள்.

ஐந்தாம் ஞாயிறு: சிரவணபெளகொள

இது கொஞ்சம் தூரம், 145 கிலோமீட்டர் வரும். 2017இல் பெங்களூர்–ஹாசன் ரயில் பாதை திறந்த பிறகு சௌகரியமாகிவிட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள். வெயிலுக்கு முன்னே ஏறிவிடுங்கள், செருப்பு போடக்கூடாது.

ஏறத்தாழ 58 அடி உயரமுள்ள பாகுபலி சிலையைக் கங்க அமைச்சர் சாமுண்டராயர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் செய்வித்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மகாமஸ்தகாபிஷேகம் கடைசியாக 2018இல் நடந்தது. எல்லோரும் அண்ணாந்து முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பாதத்தின் அருகே பாருங்கள். சாமுண்டராயர் செய்வித்தார் என்ற செய்தி கன்னடத்தில் ஒரு வரி. தமிழில் ஒரு வரி. நாகரி எழுத்தில் ஒரு வரி. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்தது. நம்ம நாட்டுச் சமணர் யாத்திரை வந்த மலை இது. வருகிறவனுக்குப் புரிய வேண்டும் என்று அவன் மொழியிலும் எழுதி வைத்தார்கள்.

கீழே ஊருக்குள் பண்டாரி பசதியில் 1368ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சமணருக்கும் வைணவருக்கும் தகராறு வந்து, சமணர் விஜயநகர மன்னன் புக்கனிடம் முறையிட்டார்கள். மன்னன் திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேலக்கோட்டை முதலிய தலங்களின் வைணவப் பெரியோரை வரவழைத்து, சமணரின் கையைப் பிடித்து வைணவரின் கையில் கொடுத்து, இரு சமயத்தாருக்கும் வேற்றுமை இல்லை என்று தீர்ப்பளித்தான். சிறுபான்மையினரின் முறையீட்டை அரசன் கேட்டான், பெரியோர் ஒப்புக்கொண்டார்கள், அது கல்லில் ஏறியது. மாகடி வட்டத்துக் கல்யாவிலும் இதே ஆண்டில் இச்செய்தியை வெட்டியிருக்கிறார்கள். வேற்றூரில் வாழும் எந்தக் குடும்பமும் ஒருமுறை பார்க்க வேண்டிய கல் இது.

நாம் செய்ய வேண்டியது

பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயர் லூயிஸ் ரைஸ் இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905இல் வெளியிட்டார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால், பல கற்கள் இன்று அந்த இடத்தில் இல்லை. சாலை போட்டபோது போனவை, வீட்டு அஸ்திவாரத்தில் போனவை, கோயில் திருப்பணியில் சிமெண்டுக்கும் பெயிண்டுக்கும் அடியில் போனவை. அதே சமயம் 2018இல் ஹெப்பாளத்தில் வடிகால் தோண்டியபோது கி.பி. 750ஐ ஒட்டிய கிட்டையனின் நடுகல் வெளிப்பட்டது. தொலைந்ததாக நினைத்திருந்த கல். ஆர்வமுள்ள கன்னட நண்பர்கள் அதைக் காப்பாற்றி மண்டபம் கட்டினார்கள். தமிழ்க் கல்லுக்கு ஆபத்து வந்தாலும் அவர்களே முன்னால் நிற்கிறார்கள். நாமும் கூட நிற்க வேண்டாமா?

ஆகவே பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் கன்னட எழுத்தும் இரண்டும் சொல்லிக் கொடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்தவனுக்கு இந்த ஊரில் பாதிக் கல்தான் பேசும். இரண்டு, கல்வெட்டில் எண்ணெய் தடவுவது, மஞ்சள் பூசுவது, சாக்பீஸால் எழுத்தை இழுப்பது எதுவும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானே தெரியும். மூன்று, உங்கள் தெருக் கோயிலில் திருப்பணி என்றால், சுவரில் எழுத்து இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன் பார்த்து, படம் எடுத்து, கோயில் பெரியவர்களிடமும் தொல்லியல் துறையிடமும் சொல்லுங்கள்.

"நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்று சண்டை பிடிக்க இந்தக் கற்கள் உதவாது. யார் முந்தி என்று கேட்டால் பேகூர்க் கல்லும் ஹெப்பாளக் கல்லும் கன்னடத்தில்தான் பதில் சொல்லும். அடுத்தடுத்து வாழ்ந்தார்கள், ஒரே ஏரியில் தண்ணீர் பாய்ச்சினார்கள், ஒரே கோயிலுக்கு நிலம் கொடுத்தார்கள் என்பதற்குத்தான் இவை சாட்சி. அடுத்த ஞாயிறு முதலில் மடிவாளாவுக்குப் போங்கள். வீட்டுக்குப் பக்கம், அரை நாள் போதும்.